பொய் சொன்னவர்கள் நாங்கள், விசாரணை டாக்டர் சங்கமித்ரா மீது

அனுப்புநர்:
நா. தனக்கோடி (வயது 34),
அலுவலகத் துப்புரவுப் பணியாளர்,
ஆஸ்டின் டவுன், பெங்களூரு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
நகர்ப்புறச் சத்துணவு ஆய்வு மையம்,
பெங்களூரு.

பொருள்: குழந்தைகள் உணவுக் கணக்கெடுப்பில் பதில்களை மாற்றியதாக டாக்டர் சங்கமித்ரா மீது விசாரணை – தாய்மார்களின் வாக்குமூலம் – அவரை மீண்டும் பணியில் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. தங்கள் அலுவலகத்தில் தமிழ் படிப்பவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டுத் தமிழிலேயே எழுதுகிறேன்.

1. சென்ற ஆண்டு ஜூலை மாதம் டாக்டர் அம்மா எங்கள் தெருவுக்கு வந்து, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எடை பார்த்தார். முந்தின நாள் பிள்ளை என்ன சாப்பிட்டது என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டு எழுதினார். பக்கத்து வீட்டு ஜோசபின், தன் மகன் முட்டை தின்றான் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. என் மகள் மலர் மீன் தின்றாள் என்றேன். மூன்றாவது வீட்டில் அது ஆட்டுக்கால் சூப் வரை போய்விட்டது. உண்மையில் அன்று மலர் சாப்பிட்டது காலையில் டீயும் பன்னும், இரவில் ரசம் சோறும்தான். எங்கள் வாய்ச்சவடாலை நம்பி, இப்பகுதிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு தேவையில்லை என்று முதல் அறிக்கை தயாரானது.

2. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தோம். தராசு காட்டிக்கொடுத்துவிட்டது. இத்தனை முட்டையும் மீனும் தின்ற பிள்ளைகள் இவ்வளவு எடை குறைந்திருக்க வழியில்லை என்று டாக்டர் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் எங்களைப் பொய்க்காரிகள் என்று சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை படிவம் இல்லாமல் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு எங்கள் வீட்டில் உட்கார்ந்தார். தாம் கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளியின் மகள் என்றும், பள்ளியில் டீச்சர் கேட்டால் வெறும் வயிற்றோடு "இட்லி துன்னேன் டீச்சர்" என்று சொன்னவர் என்றும் சிரித்தபடி சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். மற்ற வீடுகளிலும் அப்படியே நடந்தது. எங்கள் பெயர்களை யாரிடமும் சொல்வதில்லை என்று அவர் வாக்குக் கொடுத்த பிறகே பதில்கள் திருத்தப்பட்டன.

3. ஒரே ஊரில் ஒரு பிள்ளை வளர்கிறது, இன்னொரு பிள்ளை ஏன் வளர்வதில்லை என்பதைத்தான் இருபது வருடமாக ஆராய்கிறாராம். பெரிய ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு எங்கள் தெருக்களில் தராசு தூக்கி அலைந்தவர் அவர். திருத்திய அறிக்கையினால் ஜனவரி முதல் அங்கன்வாடியில் காலைக் கஞ்சியும் முட்டையும் தருகிறார்கள். நான் விடியுமுன் வைட்ஃபீல்டு ஆபீசுக்கு வேன் ஏறுகிறவள். மலர் சாப்பிட்டாளா என்ற கவலை இல்லாமல் இப்போதுதான் வேலை செய்கிறேன். பதினொன்றரை கிலோ இருந்தவள் இன்று பதின்மூன்று கிலோ. அவருக்கும், அவரை அனுப்பிய தங்கள் மையத்துக்கும் நாங்கள் வாழ்நாளெல்லாம் நன்றி உள்ளவர்கள்.

4. இந்நிலையில், பதில்களை அவரே மாற்றி எழுதினார் என்று யாரோ புகார் செய்ய, சென்ற மாதம் முதல் அவர் பணியிலிருந்து நிறுத்தப்பட்டுள்ளார். முதல் விசாரணைக்குச் சாட்சியாக வந்த அங்கன்வாடி டீச்சர் வித்யாலட்சுமி எங்களிடம் ஒன்று சொன்னார். எந்தெந்த வீட்டார் பதிலை மாற்றினார்கள் என்று கேட்டதற்கு, டாக்டர் அம்மா கடைசி வரை வாய் திறக்கவில்லையாம். எங்கள் மானத்தைக் காப்பாற்றப் போய்த் தம் இருபது வருட உழைப்பைப் பணயம் வைத்திருக்கிறார். இதைக் கேட்டபின் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

5. ஆகவே, இம்மாதம் 18ஆம் தேதி நடக்கவிருக்கும் அடுத்த விசாரணைக்கு எங்களையும் அழைத்து விசாரிக்கவும், அவரை மீண்டும் பணியில் சேர்க்கவும் பணிவுடன் வேண்டுகிறோம். பொய்த்தகவலுக்குத் தண்டனை உண்டென்றால் அதை எங்களுக்குக் கொடுங்கள். இம்மனு எழுதுவது அவருக்குத் தெரியாது. பெயர்களைச் சொல்லக்கூடாது என்ற வாக்கு அவரைத்தான் கட்டும், எங்களைக் கட்டாது. எங்கள் பெயர்களை நாங்களே கீழே எழுதியிருக்கிறோம்.

இடம்: பெங்களூரு
தேதி: 10.06.2025

இப்படிக்கு,
நா. தனக்கோடி, மலரின் தாய்
ஜோசபின், பக்கத்து வீடு
மற்றும் இத்தெருவின் இருபத்தொன்பது தாய்மார்கள் (கையொப்பங்கள் பின்பக்கத்தில், வீட்டு எண்களுடன்)