அந்தோணிமேரியின் சாபம்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
7-10-1968

சேந்தமங்கலம் அக்கா அந்தோணிமேரிக்குத் தம்பி தோமினிக் எழுதுவது.

நீ நினைத்தது நடந்துவிட்டது. உன் மகள் கல்யாணத்தில் சோறு வேகவில்லை என்று சம்பந்தி காதுபடச் சொன்னேன். "உன் கால் விளங்காமப் போயிரும்டா" என்றாய். சரியாக இருபதாம் நாள் ஜவுளிக்கடையில் எழப் பார்த்தேன், கால் எழவில்லை. மூன்றே நாளில் கையும் போயிற்று. ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன். திருப்திதானே?

தோமினிக்

அண்ணி, என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இரண்டு வார்த்தைகளை மட்டும் விட்டுவிட்டேன். – இசபெல்லா

சேந்தமங்கலம்
11-10-1968

தம்பிக்கு,

என் வாய்க்கு அத்தனை சக்தியா? பீடியை விடச் சொல்லி உன் மச்சானைப் பதினெட்டு வருடமாகத் திட்டுகிறேன். அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. சின்னாயி வீட்டு ஆட்டை நாசமாய்ப் போகத் தினமும் சபிக்கிறேன்; போன வாரம் அது மூன்று குட்டி போட்டது.

டாக்டர் என்ன சொல்கிறார்? மூச்சு நன்றாக விடுகிறாயா? வீம்புக்குக் கேட்கவில்லை. உடனே எழுது.

அக்கா

சேலம்
16-10-1968

அக்காவுக்கு,

டாக்டரிடமே கேட்டேன்: "அக்கா சாபம் கால்ல எறங்குமுங்களா?"

சிரித்தார். "சாபமெல்லாம் இல்லீங்க. கால் விழறதுக்குப் பத்து நாளைக்கு முந்தி வயித்தால போச்சுங்களா?"

போயிற்று. உன் வீட்டுச் சோற்றால் அல்ல. பனமரத்துப்பட்டியில் தின்ற கோழி.

"அந்தக் கிருமிய அடிக்க உங்க உடம்புல ஒரு காவல் படை கெளம்புச்சு. அது ஆள் தெரியாம, நரம்பு மேல இருக்கற உறையையும் சேத்து அடிச்சிருச்சுன்னு இப்பச் சொல்றாங்க. முழுசா யாருக்கும் தெரியாதுங்க. உறை திரும்ப வளரும். முக்காவாசிப் பேரு நடந்துருவாங்க."

என்னை என் உடம்பே அடித்ததாம். அவமானமாக இருக்கிறது. நேற்றிலிருந்து மூச்சு முட்டுகிறது. மூச்சு மெஷினைக் கட்டிலருகே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பயமாக இருக்கிறது அக்கா.

தோமினிக்

சேந்தமங்கலம்
18-10-1968

சாமி,

உன் முதல் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று மனசாரத்தான் சொன்னேன். பாவசங்கீர்த்தனம் செய்தேன், செபமாலை ஒரு தரம் சொல்லச் சொன்னார் சாமியார், மூன்று தரம் சொன்னேன். உன் உடம்பு ஆள் தெரியாமல் அடித்தது. நான் தெரிந்தே அல்லவா திட்டினேன்!

நாளை முதல் பஸ்ஸில் வருகிறேன். கால் பிடித்துவிட நான் இருக்கிறேன். டாக்டரிடம் நான்தான் அந்த அக்கா என்று சொல்லிவிடாதே.

அந்தோணிமேரி

சேலம்
22-1-1969

அன்புள்ள அக்கா,

கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. இது என் கையெழுத்து.

நீதான் அந்த அக்கா என்று டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். நீ ஊர் திரும்பியதிலிருந்து, "உங்கக்கா எப்பங்க வருவாங்க? அவங்க சத்தம் போடாம வார்டுல ஒருத்தரும் எந்திரிக்க மாட்டேங்கறாங்க" என்கிறார்.

மெஷின் தேவைப்படாமலே போனது. நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு குழாயடிவரை பதினோரு எட்டு நடந்தேன். இடது கால் மட்டும் தன் இஷ்டத்துக்குப் போகிறது. இசபெல்லா அழுதாள். நானும்தான்.

கல்யாண வீட்டில் பேசியதற்கு ஒரு வார்த்தை எழுத வேண்டும். காலையிலிருந்து முயல்கிறேன். அதில் சுழி அதிகம்; விரல் இன்னும் அவ்வளவு வளையவில்லை. நேரில் வந்து சொல்கிறேன்.

உன் தம்பி
தோமினிக்