குளிருக்கும் காசு ஆவுமாம்

செசிலி கண்ணு,

நீ பூசை முடிஞ்சி வரதுக்குள்ள திண்டிவனம் பஸ்ஸு போயிடும், அதான் எழுதி வச்சிட்டுப் போறேன். கூழு சட்டியில இருக்குது. மாங்கா ஊறுகா தொட்டுக்கோ. கோவத்துல சாப்பிடாம இருக்காத.

லண்டன் படிப்புக்கு நீ போட்ட கணக்குல, நிலக்கரிக்கு மாசாமாசம் காசுன்னு இருந்ததப் பாத்து, "போறதுக்கு முன்னாடியே சீமாட்டி ஆயிட்டியா"ன்னு நேத்து கத்திட்டேன். நம்ம செஞ்சியில பாறைய தொட்டாலே கை பொத்துப்பூடுது. குளிர் காயறதுக்கு காசு குடுக்கணும்னு எனக்கு இன்னா தெரியும்?

காலையில பால் வாங்கப் போனப்ப, பட்டாளத்துல இத்தாலி வரைக்கும் போயிட்டு வந்த பஷீர் பாய கேட்டேன். "குளுரு எலும்பப் புடிச்சிக்கும் காஸ்பரு, பொண்ணு சொன்னது நெசந்தான்"னாரு.

வூட்டுக்கு வந்து உன் கணக்க திரும்ப எடுத்துப் பாத்தேன். மேல ஒரு பைசா தரமாட்டேன்னு நான் சொன்னதும், நீ ராத்திரி சாப்பாட்ட கோடு போட்டு அடிச்சிட்டு அந்தக் காச நிலக்கரிக்கு மாத்தியிருக்க. எனக்கு மனசே ஆறல.

கூரைய எடுத்துட்டு ஓடு போட வச்சிருந்த மல்லாட்டக் கடல மூட்டைய வித்துடலாம்னு திண்டிவனம் மண்டியில வெல பேசத்தான் போறேன். உங்கம்மா கிட்ட நான் சொல்லிக்கறேன். கூரை இன்னும் ஒரு மழ தாங்கும்.

நைனா

மத்தியானம் பஷீர் பாய் அவுரு பட்டாளத்து கோட்ட கொண்டாருவாரு. தொளதொளன்னுதான் இருக்கும், போட்டுப் பாரு. வேணாம்னு சொல்லிடாத.

இன்னொன்னு, ராத்திரி சாப்பாட்ட கணக்குல திரும்ப எழுதி வையி. நல்லா சாப்புடுற பொண்ணு நீ, கொறச்சி எழுதாத.