கரைக்குப் போகும் சுரூபம்

அன்பு மகன் றொகானுக்கு,

நீயும் பெற்றிசியாவும் பேரனும் அந்தக் குளிருக்குள் ஒரு குறையுமில்லாமல் இருக்க அந்தோனியாரை மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுத மனம் வரவில்லை. போனில் கதைத்தால் அப்பா பக்கத்தில் வந்து நிற்பார், அதுதான் எழுதித் தங்கச்சி டிலோஜினியிடம் கொடுத்துப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். மறுபடியும் கடலில் தாழமுக்கமாம், புயலாகி ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் திரும்புமாம். கூரைத் தகரத்தை நங்கூரக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டோம், அடையாள அட்டை, காணி உறுதி எல்லாம் பொலித்தீனில் சுற்றி அரிசி வாளிக்குள் வைத்திருக்கிறேன். வீடு போனால் போகட்டும் மகன், எனக்கு உன் அப்பாவை நினைத்துத்தான் நெஞ்சு பதறுகிறது.

கடல் கொந்தளித்தால் அந்தோனியார் சுரூபத்தைத் தோளில் தூக்கிக் கரைக்குக் கொண்டுபோய், கடலைப் பார்க்க வைத்துச் செபமாலை சொல்வதுதானே எங்கள் ஊர் வழக்கம். போன புயலுக்கும் அப்படித்தான். மற்ற ஊர்ச் சனம் கரையை விட்டு ஓட, நாங்கள் பிள்ளைகுட்டியோடு கரைக்குப் போனோம். அலை அடித்ததில் பக்கத்து வீட்டு மில்ரன் போய்விட்டான். அப்பாவோடு சேர்ந்து சுரூபம் தூக்கும் முன் தண்டைப் பிடித்தவன், சுரூபம் விழுந்துவிடும் என்று கையை விடாமல் நின்றான், ஐயோ. அவன் மனுசி இன்னும் எங்கள் வாசலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்பாவோ, சுரூபம் போனதாலதான் தண்ணி றோட்டோட நிண்டது, இல்லாட்டி ஊரே இல்லை என்கிறார்.

இந்த முறை பங்குச் சுவாமி கோயிலில் கூட்டம் வைத்து, மணி அடித்தவுடன் எல்லாரும் பள்ளிக்கூட மேல்மாடிக்குப் போகவேண்டும் என்று சொல்லி, ஆர் வீடு வீடாகத் தட்டுவது, நடக்கேலாதவர்களை ஆர் தூக்குவது என்றெல்லாம் பிரித்துக் கொடுத்தார். எல்லாரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். பிறகு பின்வரிசை வாங்கில் இருந்து, பஸ்ரியன் அண்ணன் கரைக்குப் போனால் நாங்களும் போவம் என்று உன் அப்பாவைச் சொல்லிக் குசுகுசுக்கிறார்கள்! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எழும்பி நின்று, அந்தோனியாரை இப்பவே பள்ளிக்கூடத்தில கொண்டுபோய் வையுங்கோ சுவாமி, அவர் எங்க இருக்கிறாரோ சனம் அங்க வரும் என்று சொல்லிவிட்டேன். சுவாமிக்குச் சரி. ஆனால் கோயில் மூப்பர் உன் அப்பாதானே, அவர் சொல்லாமல் சுரூபத்தில் ஒருத்தரும் கை வைக்கமாட்டார்கள். கடலுக்கு முதுகு காட்டச் சொல்லுறியோ என்று சனத்துக்கு முன்னாலேயே என்னை ஏசினார். அதற்குப் பிறகு என் கையால் தேத்தண்ணிகூட வாங்குவதில்லை.

அழுதும் பார்த்தேன், சண்டையும் பிடித்தேன், இனி நீதான் அவரிடம் சொல்லவேண்டும். மில்ரனுக்கு முதல் அந்தத் தண்டைப் பிடித்தவன் நீ, உன் சொல்லைத் தட்டமாட்டார். இப்போது அதைப் பிடிக்க டிலோஜினியின் மாப்பிள்ளையைக் கேட்டிருக்கிறார், அவனும் மாமாவின் சொல்லுக்கு மறுப்பில்லாமல் ஓம் என்றுவிட்டான். அவர்களைக் கரையில் விட்டுவிட்டு மேல்மாடியில் இருக்க என்னாலும் ஏலாது மகன். அவர்கள் போனால் நானும் போவேன்.

பேரனின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு. ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்திருக்கட்டும். வேலை என்று சாட்டுச் சொல்லாமல் சனிக்கிழமைக்குள் அப்பாவுக்குப் போன் கோல் எடு. ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் வீட்டில் போன் தூக்க ஆளிருக்காது.

உன் அம்மா
எமில்டா