பத்துக் கடிதமும் ஒரு சைக்கிளும்

பர்சிங்சர், ராஜஸ்தான்
7 அக்டோபர்

என் எழில்மதிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே மாற்றலாகி வந்து ஒரு மாதம் ஆகிறது. சுரங்கம் அதே சுரங்கம்தான். நெய்வேலியில் செம்மண், இங்கே மணல். சப்பாத்தி தின்று தின்று நாக்கு செத்துவிட்டது.

போனில் கூப்பிட்டால் "ம்", "சரிப்பா", "அம்மாகிட்ட தரேன்", இந்த மூன்றைத் தவிர உன்னிடமிருந்து ஒன்றும் வருவதில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு அவ்வளவுதானா சமாச்சாரம்? அதனால் நமக்குள் ஒரு பேச்சு. வாரம் ஒன்றாக எனக்குப் பத்துக் கடிதம் எழுது. பத்தாவது வந்து சேர்ந்ததும், நீ ஆசைப்பட்ட கியர் சைக்கிள் உனக்கு.

பதிலுக்கு ஏங்கும் அப்பா,
நெடுமாறன்


பிளாக் 21, நெய்வேலி
19 அக்டோபர்
கடிதம் எண் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவும் நலம். சைக்கிள் ஊதா நிறத்தில் வேண்டும். கறுப்பு வேண்டாம். பக்கத்து வீட்டு வீரம்மாள் அத்தை வேலி ஓரமெல்லாம் செம்பருத்தி வைத்திருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம். இரண்டு பக்கம் எழுதினால் இரண்டு கடிதமாக எடுத்துக்கொள்வீர்களா?

அன்பு மகள்,
எழில்மதி


பிளாக் 21, நெய்வேலி
30 நவம்பர்
கடிதம் எண் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். இன்று நல்ல வெயில். நன்றாகப் படிக்கிறேன். அம்மா நலம். இன்னும் மூன்று பாக்கி.

அன்பு மகள்,
எழில்மதி


பர்சிங்சர்
9 டிசம்பர்

அடி கள்ளி,

முப்பதாம் தேதி நல்ல வெயில் என்கிறாய். அன்றைக்குப் புயல் மழையில் நம் பிளாக்கில் மரம் விழுந்து, கரண்ட் போய், பள்ளிக்கூடமே லீவு என்று அம்மா சொன்னாள். உனக்கு மட்டும் எங்கிருந்து வெயில் அடித்தது? அம்மாவைத் துருவிக் கேட்டேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து முதல் ஒன்பது வரை எழுதி, தேதியும் போட்டு அடுக்கி வைத்திருக்கிறாயாமே!

என்னோடு ஒரே ஷிப்ட் பார்க்கிற சடையப்பன் அண்ணனிடம் காட்டினேன். "ஒன் மவ காண்ட்ராக்ட் வேலைய முடிச்சி பில்லும் போட்டுட்டா நெடுமாறா" என்றார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ரூமுக்கு வந்த பிறகு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. உன் கடிதம் ஒவ்வொன்றையும் நாலு தடவை படிக்கிறேன் எழில். அந்த நாலு வரியை நாலு தடவை. சைக்கிள் பேச்சில் மாற்றமில்லை. ஆனால் ஒரே ஒரு வரி உண்மையாக எழுதேன்.

அப்பா


பிளாக் 21, நெய்வேலி
21 டிசம்பர்
கடிதம் எண் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

சாரி. நீங்கள் கேட்ட உண்மை வரி: இது பத்தாவது கடிதம். ஊதா நிறம், மறந்துவிடாதீர்கள்.

அன்பு மகள்,
எழில்மதி


பர்சிங்சர்
20 ஜனவரி

எழில்,

உன் மாமா பண்ருட்டியிலிருந்து சைக்கிளைக் கொண்டுவந்து இறக்கி இருபது நாள் ஆகிறது. அதன் பிறகு உன்னிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. பத்து என்று சொன்னவன் நான். நீ பத்தோடு நிறுத்திக்கொண்டாய்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. இன்னொரு பேச்சு வைத்துக்கொள்வோமா? பத்துக் கடிதத்துக்கு ஒரு வாட்ச். நடக்கிற அடியை எண்ணுமே, அந்த வாட்ச். பத்து அதிகமென்றால் ஐந்து. சரி, மூன்று போதும்.

அப்பா


பிளாக் 21, நெய்வேலி
16 பிப்ரவரி

அப்பா அப்பா,

வாட்ச் வேண்டாம். நான் அதற்காக எழுதவில்லை. இதை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். போனில் சொல்லவும் முடியாது, அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள்.

அம்மா சைக்கிள் பழகுகிறாள்! தினமும் சாயங்காலம், என் சைக்கிளில்! நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன். "புடிச்சிக்கினே வாடி, வுட்டுடாத" என்று கத்திக்கொண்டே மிதிப்பாள். நேற்று நான் விட்டுவிட்டேன். அவளுக்குத் தெரியாது. என்னிடம் பேசிக்கொண்டே தனியாக நாலு வீடு தாண்டிவிட்டாள். திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான், நேராக வீரம்மாள் அத்தையின் செம்பருத்திக்குள்!

அத்தை ஓடி வந்து, "இன்னா சங்கீதா, பூ பறிக்க இப்பிடியா வருவ?" என்று கேட்டார்கள். அம்மா செடிக்குள் உட்கார்ந்தபடியே சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு எழுந்து முழங்கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தபா" என்றாள்.

"எதுக்கும்மா? எங்க போவப் போற?" என்று கேட்டேன்.

"எங்கியும் இல்ல. நல்லாருக்குடி, அதான்" என்றாள்.

நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். நன்றாகப் பழகியதும் அவளே உங்களிடம் சொல்ல வேண்டுமாம். நீங்கள் எப்படிப் பழகினீர்கள்? எங்கே விழுந்தீர்கள்? எல்லாவற்றையும் எழுதுங்கள்.

எழில்


பர்சிங்சர்
25 பிப்ரவரி

என் எழிலுக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்து முடித்தேன். சந்தோஷத்தில் நேராகக் கடைக்குப் போய் அந்த வாட்சைக் கையில் எடுத்தும்விட்டேன். கூட வந்த சடையப்பன் அண்ணன், "இன்னாயா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டார். வைத்துவிட்டு வந்தேன்.

நான் பழகியது திருவதிகை தேர் வீதியில். என் மாமாவின் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய், அரைப்பெடல் போட்டு, நேராகச் சாக்கடைக்குள் விழுந்தேன். மாடு முட்டிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். பாவம், அந்த மாட்டைப் பத்து நாள் எல்லோரும் திட்டினார்கள். உன் அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. இன்றைக்கு உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

இதற்கு நீ பதில் எழுத வேண்டும் என்று இல்லை. தோன்றினால் எழுது. தோன்றாவிட்டால் அம்மாவோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்று. தபால்காரர் வருகிறாரா என்று தினமும் எட்டிப் பார்ப்பது என் ஆசை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா