சீசன் முடியட்டும் என்கிறார்கள்

அன்புள்ள அபர்ணாவுக்கு அம்மா எழுதுவது. புனேயில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். இங்கே குற்றாலத்தில் உங்கள் அப்பா சுகம், அத்தை சுகம், நம் வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்த வெளியூர்க்காரர்களும் சுகமாகத்தான் இருந்தார்கள். எனக்குத்தான் சுகமில்லை. போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று பேச்சை மாற்றிவிடுகிறார், அதனால் கூரியரில் போடுகிறேன்.

என் பெருங்குடல் புண் உனக்குத் தெரிந்ததுதான். இத்தனை வருஷம் மாத்திரையில் அடங்கிக் கிடந்தது, சித்திரையிலிருந்து அடங்கவில்லை. முகம் வீங்குகிற மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள், ஊசியும் போட்டார்கள், ரத்தம் போவது நின்றபாடில்லை. போன வாரம் திருநெல்வேலியில் டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து இன்னொரு மருந்து ஏற்றிப் பார்ப்போம், அதற்கும் கேட்காவிட்டால் பெருங்குடலை எடுத்துவிட வேண்டியிருக்கும், சிறுகுடல் நுனியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து தைத்து ஒரு பை ஒட்டுவோம், மலம் அதில் சேரும் என்றார். பின்னால் இன்னொரு ஆபரேஷனில் பை இல்லாமல் ஆக்கவும் கூடுமாம், உறுதி சொல்ல முடியாதாம். தள்ளிப்போட்டுக் குடல் ஓட்டையாகிவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். பஸ் ஆலங்குளம் தாண்டுவதற்குள், "சீசன் முடியட்டும் சங்கரி, ஆவணி கழிஞ்சதும் பாத்துக்கிடலாம்" என்கிறார். ஆவணி கழிந்து ரெண்டு மாசத்தில் ஐயப்பன்மார் சீசன் வரும், அது தை வரைக்கும் போகும். இந்த ஊரில் கல்யாணமும் சீசன் முடிந்துதான், வெள்ளையடிப்பதும் சீசன் முடிந்துதான். குடலையும் அந்த வரிசையில் நிறுத்தினால் அது நிற்குமா?

சீசன் வந்தால் நாம் பின்கட்டில் ஒடுங்கிக்கொண்டு, முன்னறைகளையும் வீட்டில் இருக்கிற ஒரே கக்கூசையும் வருகிறவர்களுக்கு விடுவது உனக்குப் புதிதில்லை. அவர்கள் அருவிக்குப் போன நேரம் பார்த்து நாம் போய்வர வேண்டும். என்னைப் போல ஓயாமல் ஓடுகிறவள் எங்கே நேரம் பார்ப்பது? சனிக்கிழமை மலையில் நல்ல மழை, அருவியில் வெள்ளம், குளிக்க விடவில்லை, வந்த கூட்டம் அத்தனையும் வீட்டிலேயே கிடந்தது. கதவைத் தட்டினேன், உள்ளே ஆள். திரும்பவும் தட்டினேன். முடியவில்லை அபர்ணா, நின்ற இடத்திலேயே சேலையெல்லாம் ஆகிவிட்டது. உனக்கு எழுத எனக்குக் கூச்சமில்லை, கோபம்தான் வருகிறது. துவைகல்லில் சேலையை அலசிக்கொண்டிருந்தவளிடம் அத்தை வந்து, "வந்த ஆளுக முன்னால மானத்த வாங்கிட்டியளே மைனி" என்றாள். அப்பா முன்னறையில் போய், வீட்டுக்காரிக்கு வயிறு சரியில்லை, மன்னிச்சுக்கிடுங்க என்று அவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக் கக்கூஸ் வாசலில் நான் நின்றதற்கு மன்னிப்பு.

அன்று சாயங்காலமே அத்தை, இது குடலேற்றம்தான், வயிற்றைத் தடவித் தட்டினால் இறங்கிவிடும் என்று அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவரைக் கூட்டிவந்தாள். புண்ணாகிக் கிடக்கிற குடலில் கை வைக்க விட்டால் என்ன ஆவது, போகச் சொல்லிவிட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது ஆச்சி, கூப்பிட்டாவ, வந்தேன்" என்று அவர் குப்பியை எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம்தான் அப்பா வாயிலிருந்து உண்மை வந்தது. "பையக் கட்டிக்கிட்டு அலைஞ்சா நம்ம வீட்டுல எவன் வந்து தங்குவான்? அபர்ணாவுக்கு மாப்பிள்ளை பாக்கணும்லா, அதையும் நெனச்சுப் பாரு" என்றார். அவர் கெட்டவரில்லை, தினமும் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறவர் அவர்தான், ஊருக்குப் பயந்தவர். அவர் பயத்துக்காக நான் சாக முடியாது. என் வயிற்றைப் பார்த்துவிட்டு உன்னை வேண்டாம் என்கிறவன் வாசலோடு போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கக்கூசைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். தங்கியிருந்தவர்கள் சத்தம்போட்டுவிட்டு வேறு வீடு பார்த்துப் போனார்கள். அதில் ஒரு பெண் மட்டும், முதல்லயே சொல்லியிருக்கலாமே அக்கா என்றாள். அத்தை என்னோடு பேசுவதில்லை. அப்பா பேசுகிறார், சுவரைப் பார்த்து. நேற்று நம் தெரு முகம்மது ரபீக் அண்ணாச்சியின் ஆட்டோவில் தென்காசி போய், அங்கிருந்து பஸ் பிடித்துத் தனியாகவே டாக்டரம்மாவைப் பார்த்தேன். வருகிற திங்கட்கிழமை வந்து படுக்கச் சொல்லியிருக்கிறார், வீட்டு ஆள் ஒருவர் கூட இருந்தே ஆக வேண்டுமாம்.

அதனால் நீ லீவு போட்டுவிட்டு வா. உன்னிடம் யோசனை கேட்கக் கூப்பிடவில்லை, யோசித்து முடித்துவிட்டேன். மருந்துக்குக் கேட்டால் நல்லது, கேட்காவிட்டால் வெட்டி எடுக்கட்டும். பயமில்லை என்று சொன்னால் அது பொய். பையிலிருந்து நாற்றம் வருமா, பஸ்ஸில் போகலாமா, குனிந்து கோலம் போட முடியுமா, இதெல்லாம் டாக்டரம்மா முன்னால் கேட்க நாக்கு எழவில்லை, நீ கேள். பையை மாற்ற நர்ஸ் சொல்லிக்கொடுக்கும்போது என் பக்கத்திலேயே நில். நீ முகம் சுளிக்காமல் பார்த்தால் எனக்கும் என் வயிற்றைப் பார்க்கத் தைரியம் வரும். இன்னொன்று, இந்த நோய் பிள்ளைகளுக்கும் வரலாமாம். உனக்கு எப்போதாவது ரத்தம் பட்டால் மூலம் என்று நீயாக முடிவுகட்டிக் கருணைக்கிழங்கு அவித்துத் தின்னாதே, அன்றைக்கே டாக்டரிடம் போ. குற்றாலநாதரும் குழல்வாய்மொழியம்மையும் உன்னை நல்லபடி வைக்கட்டும்.

கடிதம் கிடைத்ததும் ரபீக் அண்ணாச்சி நம்பருக்குக் கூப்பிடு. பை ஒட்டிவிட்டால் பாவாடை நாடா இறுக்கக் கூடாதாம், வரும்போது தொளதொளவென்று ரெண்டு நைட்டி வாங்கி வா. நல்ல துணியாகப் பார்த்து வாங்கு, நெடுநாள் போட வேண்டியது.

உன் அம்மா,
சங்கரேஸ்வரி