அல்கா பேரில் விழுந்த கோழி

கருங்கல்,
திங்கட்கிழமை.

என் செல்ல மகள் ரெனிஷாவுக்கு அம்மா முத்தங்களோடு எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவின் முட்டுவலியும் ஒரு குறையுமில்லாமல் அவரோடேயே சுகமாக இருக்கிறது. நீ அந்தக் குளிரில் எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று போனில் கேட்டால் ‘ஆமாம்மா, ஆமாம்மா’ என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் பக்கத்து வீட்டு ஷீஜா மகன் சிஜோ லீவு முடிந்து நீ இருக்கிற ஸ்காட்லாந்துக்கே திரும்புகிறான் என்றதும் முந்திரிக்கொத்தோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தை நீ கட் பண்ண முடியாது பார்.

நீ அங்கே போன புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துச் சர்ச்சுக்குப் போனதையும், ஆராதனை முடிந்து எல்லாரும் கூடிக்கூடி நின்று காப்பி குடித்தபோது நீ மட்டும் கப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றதையும், ஒருத்தரும் பேர்கூடக் கேட்காமல் போனதையும் பிறகொரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாய். நீ சிரித்தாய், எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதன் பிறகு நீ அந்தப் பக்கம் போகவே இல்லை, கேட்டால் ஆஸ்பத்திரியில் டியூட்டி என்கிறாய். எனக்கென்ன தெரியாதா? சர்ச்சுக்குப் போகாததைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார், ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு வாய் பேச ஆளில்லாமல் என் பிள்ளை அந்த அறையில் தனியாகக் கிடக்கிறாளே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நேற்று நம் சபைக் கோயிலில் நடந்த கூத்தைக் கேள். ராஞ்சிப் பக்கத்திலிருந்து இங்குள்ள பாங்குக்கு மாற்றலாகி வந்த அல்கா என்றொரு பிள்ளை முதல் தடவையாக ஆராதனைக்கு வந்தாள், தமிழ் அரைகுறை. அறிவிப்பு வாசிக்கும்போது ‘புதிதாக வந்திருப்பவர்கள் எழும்பி நிற்கவும்’ என்று மைக்கில் சொல்ல, அவளுக்கு விளங்காமல் உட்கார்ந்தே இருந்தாள், கோயிலே திரும்பி அவளைப் பார்த்தது, நானும்தான். பாவம், முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல முற்றத்தில் காணிக்கைப் பொருட்கள் ஏலம். யாரோ படைத்த ஒரு வெடைக்கோழியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜான்ரோஸ் மாமா ஒரு தரம், ரெண்டு தரம் என்று தொண்டை கிழியக் கூவுகிறார். அந்த நேரம் பார்த்து அல்கா, பாங்கில் பார்த்த முகமொன்று கூட்டத்தில் தெரிந்த சந்தோஷத்தில் கையைத் தூக்கி ஆட்டியிருக்கிறாள். மனிதர் விடுவாரா, ‘மூணு தரம், பாங்கு மேடத்துக்கு!’ என்று கோழியைக் கொண்டுபோய் அவள் கையில் திணித்துவிட்டார். கோழி படபடவென்று அடிக்கிறது, சனமெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது, அவளும் கூடச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது. எனக்கு அங்கே அவள் தெரியவில்லை மக்கா, நீதான் தெரிந்தாய்.

ஏலே ஜான்ரோஸே, ஒனக்கு வெவரம் உண்டா, வந்த பிள்ளைய இப்பிடியா நாணங்கெடுத்துவ என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். தமாசுக்கில்லா அக்கா என்றார். ஒனக்குத் தமாசு, அவளுக்கு அப்பிடியாலே என்று சொல்லிவிட்டு, கோழியை ஒரு கக்கத்திலும் அவள் கையை ஒரு கையிலுமாகப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். எந்தச் சபை, யார் மகள், கல்யாணம் ஆச்சா என்று நம் ஆட்கள் கேட்கிற கேள்வியெல்லாம் என் நாக்கு நுனிவரை வந்தது, தண்ணீரைக் குடித்து விழுங்கினேன். மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் வைத்தேன், கூச்சப்பட்டு உட்கார்ந்தவள் பிறகு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கோழியை அறுக்கட்டுமா என்று அப்பா சைகையில் கேட்டதற்குப் பதறிப்போய்க் கும்பிட்டாள், அது இப்போது நம் கூட்டில் ராணியாட்டம் இருக்கிறது. சாயங்காலமே போதகரிடம் போய், புதிதாய் வருகிறவர்களை இனி எழுப்பி நிறுத்த வேண்டாம், பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து பாட்டுப்புத்தகத்தைப் பிரித்துக் காட்டினால் போதும், போகும்போது சாப்பிட ஒரு வீடு கூப்பிட்டால் போதும் என்று சொல்லிவிட்டேன். சரி என்றார். வாசலில் நின்று வரவேற்க ஜான்ரோஸ் மாமாவையே போட்டிருக்கிறார்கள், கர்த்தர்தான் வருகிறவர்களைக் காக்க வேண்டும்.

நான் சொல்ல வந்ததே வேறு. சாப்பிட்டு முடித்ததும் அல்கா தன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, என்னென்னவோ சொல்லி, போனை என் கையில் கொடுத்துவிட்டாள். என் வயதுதான் இருக்கும் அந்தம்மாவுக்கு. அவள் இந்தியில் ஏதோ கேட்டாள், எனக்கு ஒன்றும் மனசிலாகவில்லை, பிள்ளை சாப்பிட்டா, நல்லா சாப்பிட்டா என்று நான் தமிழில் சொன்னேன். அவளுக்கும் விளங்கியிருக்காது. ஆனாலும் இரண்டு பேரும் மாறி மாறிப் பேசிக்கொண்டே இருந்தோம், பிறகு அவள் அழுதாள், நானும் அழுதுவிட்டேன், அப்பா மோட்டாரை நிறுத்தப் போகிறேன் என்று வெளியே போய்விட்டார், மோட்டார் ஓடவே இல்லை. தன் மகளுக்குச் சோறு போட்டவளின் முகத்தை அந்தம்மா பார்த்துவிட்டாள். நான் இன்னும் பார்க்கவில்லையே மக்கா.

உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காக்கட்டும், உன் கைபடுகிற நோயாளிகளெல்லாம் சுகமாகட்டும், உன் தலைமாட்டில் அவர் சமாதானம் இருக்கட்டும். காதை மூடாமல் குளிரில் இறங்காதே. வருகிற ஞாயிறு இன்னும் ஒரே ஒரு தடவை அந்தச் சர்ச்சுக்குப் போய்ப் பார். யாராவது வீட்டுக்கு வா என்று கூப்பிட்டால் டியூட்டி என்று சொல்லிவிடாதே, போய் உட்கார்ந்து சாப்பிடு. சாப்பிட்டதும் எனக்குப் போன் போட்டு, சோறு போட்டவள் கையில் கொடு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அது பரவாயில்லை.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா
ஜெபகனி