தொண்ணூறாவது நிமிடம்

ஸ்கிப்டன், யார்க்ஷயர்
4 மார்ச் 1994

அன்புள்ள ட்ரெவர்,

'அன்புள்ள' என்பது பழக்கதோஷம். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் முழங்கால் வலியை விசாரிக்க மாட்டேன். அதற்குத்தான் என்னை விட்டுவிட்டு அந்தப் பாலெட்டோடு குடித்தனம் போனீர்களே.

நேற்று 'கறுப்பு அன்னம்' பப்பில் வினாடி வினா இறுதிச் சுற்று முடிந்து, வழக்கம்போல் பக்கத்து மேசையோடு விடைத்தாளை மாற்றித் திருத்தினோம் அல்லவா? நீங்களும் பாலெட்டும் சேர்ந்து எழுதிய தாள் என் கைக்குத்தான் வந்தது. 1966 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தொண்ணூறு நிமிட முடிவில் கோல் கணக்கு என்ன? நீங்கள் எழுதியது, மூன்றுக்கு ஒன்று.

அன்று வெம்ப்ளி மைதானத்தில் நின்ற ஆள் நீங்கள். கடைசி நிமிடத்தில் ஜெர்மன்காரன் கோல் போட்டு இரண்டுக்கு இரண்டு ஆக்கியபோது, உங்கள் தேநீர் முன்னால் நின்றவரின் வழுக்கையில் கொட்டிய கதையை நம் கல்யாணத்திலும் சொன்னீர்கள், என் அப்பாவின் சவ அடக்கத்திலும் சொன்னீர்கள். இப்போது நான் ஒரு மதிப்பெண்ணில் ஜெயித்துவிட்டேன். ஏன் அப்படி எழுதினீர்கள்?

பெரில்


கீத்லி
7 மார்ச்

என் அருமை பெரில்,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் மனசு குளிர்ந்தது. படித்ததும் வேர்த்துவிட்டது. ஆமாம், பாலெட் பார்க்காதபோது வேண்டுமென்றேதான் தப்பாக எழுதினேன். நாங்கள் இரண்டு பேர், நீ தனி ஆள். கிரிக்கெட் கேள்வி வந்தபோதெல்லாம் நீ பென்சிலைக் கடித்தாய்; எனக்குப் பொறுக்கவில்லை. கோப்பை வாங்கும்போது உன் முகம் சிவந்தது. சந்தோஷம், இனி என்னை வீட்டுக்குள் விடுவாய் என்று நினைத்தேன்.

பாலெட் கோப்பையில் பாலை முதலில் ஊற்றி, அதன்மேல்தான் தேநீரை விடுகிறாள், பெரில்; நம் வீட்டில் அப்படிக் குடித்ததே இல்லை. மனுஷன் எத்தனை நாள் தாங்குவான்? ஒரே ஒரு விடைதானே, மறந்துவிடேன்.

உன் ட்ரெவர்


ஸ்கிப்டன்
9 மார்ச்

ட்ரெவர்,

அது சந்தோஷம் இல்லை, அருவருப்பு. நீங்கள் இன்னொருத்தியோடு போனதை ஊரில் நடக்காததா என்று பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன். எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளையும் வரிசை பிசகாமல் எழுதி, தனியாளாக நான் சம்பாதித்த ஆட்டத்தில் எச்சில் துப்பிவிட்டீர்களே, இது தொண்டையில் இறங்கவில்லை.

கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "வேணும்னே தோத்தவன்கிட்ட ஜெயிச்சது எனக்கு வேணாம்"னேன். பப்காரர் வாயைப் பிளந்தார்: "அந்தத் தேநீர்க் கதைக்காரனா? ச்சீ, வெக்கங்கெட்டவன்!"

வரும் பதினேழாம் தேதி மறுபோட்டி. வாருங்கள். ஒழுங்காக ஆடி என்னைத் தோற்கடியுங்கள். பிறகு வீட்டுக் கதவைப் பற்றிப் பேசலாம். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

பெரில்


கீத்லி
14 மார்ச்

கண்ணே பெரில்,

விஷயம் பாலெட் காதுக்கு எட்டிவிட்டது. என் பெட்டியை வாசலில் வைத்துவிட்டாள். "பொண்டாட்டிய விட்டுட்டு வந்தவன்னு தெரிஞ்சுதான் சேத்துக்கிட்டேன். பக்கத்துல உக்காந்துக்கிட்டே சொந்த டீமக் கவுத்தவன சேத்துக்க முடியாது, கெளம்பு"ன்னு கதவைச் சாத்திவிட்டாள். தம்பி வீட்டுக் கொட்டகையில் படுத்திருக்கிறேன்.

எனக்கு இப்போது அணியே இல்லை. ஊர் முன்னால் மறுபோட்டி எதற்கு? சனிக்கிழமை ரயிலில் நேராக வீட்டுக்கே வந்துவிடுகிறேன். இரவுக்கு ஆட்டுக்கறிக் கூட்டு வைப்பாயா?

உன் ட்ரெவர்


ஸ்கிப்டன்
18 மார்ச்

ட்ரெவர்,

வராதே.

நேற்று நீ வருவாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது பாலெட். மழைக்கோட்டோடு என் மேசைக்கு வந்து, முன்பு நீ என்னோடு உட்காரும் நாற்காலியைக் காட்டி, "இங்க யாராச்சும் இருக்காங்களா?" என்றாள்.

"இருந்தான். இப்ப இல்ல. உக்காரு" என்றேன்.

விளையாட்டுக்கு அவள், சரித்திரத்துக்கு நான். மதிப்பெண்ணில் மற்ற மேசைகளெல்லாம் எங்கள் பக்கத்தில்கூட வரவில்லை. பப்காரர் குறும்புக்கு அதே 1966 கேள்வியை மறுபடியும் கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் பென்சிலை எடுத்தோம். அவளும் அந்தத் தேநீர்க் கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள்தான். நீ அவளுக்குச் சொன்ன கதையில் அந்த வழுக்கைக்காரர் பாதிரியாராம்.

கோப்பை ஒரு மாதம் என் வீட்டில், ஒரு மாதம் அவள் வீட்டில். உன் பெட்டிக்கு இரண்டு வீட்டிலும் இடமில்லை.

ஆட்டம் முடிந்து பாலெட் வீட்டுக்குப் போனேன். நீ சொன்னது சரி, பாலை முதலில்தான் ஊற்றுகிறாள். நான் இரண்டு கோப்பை குடித்தேன்.

பெரில்